உள்ளேன் ஐயா

மதுரை தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது என் பட்டறை. பெயர்ப்பலகை வைக்கவில்லை. "மில்லுக்கு மீட்டர் மாட்டுறவர்" என்று கேட்டால் கீழே டீக்கடைக்காரர் கையைக் காட்டுவார். அது பாதி உண்மை. மீட்டரை மாட்டுவது எலக்ட்ரீசியன். மாட்டிய மீட்டர்களைப் பேச வைப்பது நான். ஒரு நூற்பாலையில் நாற்பது ஐம்பது மீட்டர், இரண்டு மூன்று கம்ப்ரஸர், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று மூலைக்கு மூலை பெட்டிகள் கிடக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு எண்ணை வைத்திருக்கும். அந்த எண்களையெல்லாம் இரண்டு கம்பியில் இழுத்துவந்து மேனேஜர் மேசையில் சேர்க்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இதுதான் சோறு.

ஆரம்பித்தது எடைமேடையில். 1990-களின் கடைசியில் பஞ்சு லாரியும் நெல் லாரியும் ஏறி இறங்கும் வே பிரிட்ஜ்களில் கம்ப்யூட்டர் வைக்கத் தொடங்கினார்கள். எடை காட்டும் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஆர்எஸ்-232 கேபிள். 2, 3, 5 என்று மூன்றே கம்பி. பல பெட்டிகளில் ஒரு முனையில் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட வேண்டும். மறந்தால் இரண்டு பேரும் பேசுவார்கள், கேட்க ஆள் இருக்காது. 1960-இல் அமெரிக்காவில் எழுதிய விதி அது. பதினைந்து மீட்டருக்கு மேல் இழுக்காதே என்பது பழைய கணக்கு. எங்கள் பக்கத்து எடைமேடைகளில் ஆபீஸ் ரூம் முப்பது மீட்டர் தள்ளி வேப்பமரத்தடியில் இருக்கும். வேகத்தை 9600-இலிருந்து 1200-க்கு இறக்கினால் அந்த முப்பதும் ஓடிவிடும். ஓடியது. ஆனால் சித்திரையில் கோடை மழை பெய்து இடி இறங்கினால் மறுநாள் காலை எனக்கு வேலை உறுதி. ஐப்பசியில் கேட்கவே வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மொத்தமாக வாங்கிய மேக்ஸ்232 சிப்புகளைப் பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எடைமேடை எடைமேடையாகப் போவேன். மேடைப் பக்கத்து எர்த் ஒன்று, ஆபீஸ் பக்கத்து எர்த் ஒன்று. இடி இறங்கும் நொடியில் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். அந்த வித்தியாசம் முழுவதும் பாய்வதற்குக் கிடைத்த வழி என் மூன்று கம்பிதான். இது எனக்குப் புரிய இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவரை சிப்பு போலி என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பியில் ஒரு எழுத்து போகும் விதம் தந்தி ஆபீஸ் டெலிபிரிண்டர் காலத்தது. வருகிறேன் என்று சொல்ல ஒரு ஸ்டார்ட் பிட், பிறகு சரக்கு, முடிந்தது என்று ஸ்டாப் பிட். டெலிபிரிண்டரில் சரக்கு ஐந்து பிட், இப்போது எட்டு. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றது. அதன் ஸ்டார்ட் பிட் இன்னும் எங்கள் மில்களில் பஞ்சுத் தூசிக்கு நடுவே ஓடுகிறது.

மில்லுக்குள் ஆர்எஸ்-232 உதவாது. ஒன்றுக்கு ஒன்றுதான் பேசும், தூரமும் போகாது. 1983-இல் வந்த ஆர்எஸ்-485 வேறு சாதி. முறுக்கிய ஜோடிக் கம்பி. இதில் ஏறினால் அதில் இறங்கும். தரையோடு ஒப்பிடாமல் இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். 200 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், ஒன்றா பூஜ்யமா என்று சொல்லிவிடும். பக்கத்தில் ஓடும் மோட்டார் கேபிளின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறுவதால் வித்தியாசத்தில் அது கழிந்துபோகும். வேகத்தை மட்டாக வைத்தால் 1200 மீட்டர் வரை போகலாம். ஒரே ஜோடியில் 32 பேரைக் கட்டலாம்.

கட்டிய 32 பேரும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை. அதற்குத்தான் மோட்பஸ். 1979-இல் மோடிகான் கம்பெனி மெஷின்களை இயக்கும் தன் பிஎல்சி கன்ட்ரோலர்களுக்காக எழுதிய பேச்சு முறை. இதைவிடப் புத்திசாலித்தனமான முறைகள் பிறகு எத்தனையோ வந்தன. மலிவான மீட்டர்களில் இன்றும் பெரும்பாலும் இருப்பது இதுதான். என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு நான் சொல்வது பள்ளிக்கூட வருகைப் பதிவேடு. வாத்தியார் எண்ணைக் கூப்பிடுவார். அந்த எண்ணுக்குரியவன் மட்டும் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து கேட்டதற்குப் பதில் சொல்லி உட்கார வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. 1 முதல் 247 வரை எண் வைக்கலாம். பதிலின் கடைசியில் இரண்டு பைட் சிஆர்சி. வழியில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவுதான் தத்துவம். இதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

2008 கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் மின்வெட்டு. 2012-இல் அதன் உச்சம். மில்களுக்கு இவ்வளவு டிமாண்டுக்கு மேல் இழுக்காதே என்று கோட்டா, தாண்டினால் தண்டம். சாயங்கால பீக் அவரில் விலையும் கூடுதல். அதுவரை மாதக் கடைசியில் யுகேஜி, அதாவது ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் பார்த்துவந்த முதலாளிகள், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களில் இந்த நிமிஷம் எது எவ்வளவு இழுக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் தொழிலுக்கு அது நல்ல காலம். ஊரே இருட்டில் இருக்கும்போது நல்ல காலம் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

திருமங்கலம் தாண்டி ஒரு மில்லில் 44 மீட்டர் மாட்டினோம். 22, 22 என்று இரண்டு சேனல். 32 வரை கட்டலாம் என்றால் 22 தாராளம் என்று நினைத்தேன். கேபிள் இழுத்தது ஒரு காண்ட்ராக்டர். நான் புரோகிராம் எழுதினேன். முதல் வாரமே மேனேஜர் கூப்பிட்டார். ஸ்கிரீனில் அவ்வப்போது ஏதாவது ஒரு மீட்டர் வெற்றிடமாகப் போய்த் திரும்பி வருகிறது, பார்க்கவே நன்றாக இல்லை, முதலாளி வந்து நின்றால் என்ன நினைப்பார் என்றார். "சரி சார், பார்த்துடுறேன்" என்றேன். பார்த்தது கேபிளை அல்ல, புரோகிராமை. பதில் வராவிட்டால் மூன்று முறை கேள். அப்போதும் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று நாலு வரி சேர்த்தேன். ஸ்கிரீன் கண்ணாடி போல் ஆனது. மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்தார்.

இல்லாத பையனுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் "உள்ளேன் ஐயா" சொல்வதைத்தான் அந்த நாலு வரி செய்தது.

அந்த வருஷ சித்திரைத் திருவிழா. எதிர்சேவை இரவு. கள்ளழகர் மூன்றுமாவடி தாண்டி வந்தாகிவிட்டது, சந்து முனை வரை ஜனம். சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். செல்போன் அடித்தது. மில்லின் எலக்ட்ரிகல் ஃபோர்மேன்.

"தம்பி, ஈபி மீட்டர் ஒன்னு சொல்லுது, உன் பொட்டி ஒன்னு சொல்லுது. நூறு கிலோவாட் எங்கிட்டுப் போச்சு?"

"அண்ணே, கூட்டுத்தொகை சரியாத்தான் இருக்கும். நல்லாப் பாருங்க."

"நாலு நாளா பாத்துட்டுத்தான் பேசுறேன். மூணு ஃபிரேமு ஓடுது தம்பி. கண்ணு முன்னாடி ஓடுது. உன் பொட்டியில பூஜ்யம் காட்டுது."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் கோவிந்தா கோவிந்தா என்று ஊர் முழங்கியது. வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. விடியற்காலையில் அழகர் ஆற்றுப் பக்கம் நகர்ந்த பிறகு, வண்டியைத் தள்ளிக்கொண்டே நரிமேடு, செல்லூர் சந்துகளில் நுழைந்து ஆரப்பாளையம் பக்கம் வைகையைக் கடந்து காளவாசல் வந்துதான் ஸ்டார்ட் செய்தேன். தல்லாகுளத்திலேயே இருந்துகொண்டு அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதை நான் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். நாலு நாளுக்கு முன் நூலின் கவுண்ட் மாற்றுவதற்காகக் கடைசி மூன்று ரிங் ஃபிரேமை நிறுத்தியிருக்கிறார்கள். நின்ற மெஷினின் மேலே பஞ்சு துடைக்கும்போது டிரேயில் கிடந்த என் கேபிள்கள் மூன்றும் இழுபட்டு டெர்மினலிலிருந்து கழன்றுவிட்டன. கழலும் முன் வந்த கடைசி எண் பூஜ்யம். நிற்கும் மெஷினுக்கு அது சரியான பதில். பிறகு மெஷின்கள் ஓடின. என் புரோகிராம் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டது. மொத்தத்தில் நூறு கிலோவாட் குறையக் காட்டியதால் இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்து, பீக் அவரில் இன்னொரு ஃபிரேமையும் ஓட்டியிருக்கிறார்கள். கோட்டா தாண்டியது. பில்லில் தண்டம் வந்தது. தொகையை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு வர வேண்டிய பாக்கியைவிட அது அதிகம். பாக்கியை நான் கேட்கவில்லை.

முதலாளி திட்டவில்லை. ஃபோர்மேன் அண்ணன்தான் வைதார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே. உன் பொட்டிக்கு என்ன வெக்கம்?"

அன்று உட்கார்ந்து அந்த நாலு வரியை அழித்தேன். பதில் தராத மீட்டருக்கு எண் வேண்டாம், கோடு போட்டால் போதும். மொத்தக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்திலேயே 44-க்கு எத்தனை பேர் ஆஜர் என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு மீட்டருக்கும் கடைசியாகப் பேசிய நேரம். இதையெல்லாம் செய்ததும் ஸ்கிரீன் பாதி கோடாகிவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, முதல் நாளிலிருந்தே லைன் நொண்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று முறை கேட்டால் ஒரு முறை பதில் வந்ததால் நல்ல லைன் என்று நம்பியிருந்தேன்.

கேபிளைத் தொடர்ந்து நடந்தேன். காண்ட்ராக்டர் எல்லா மீட்டருக்கும் நடுப் பேனலிலிருந்து தனித்தனியாகக் கம்பி இழுத்து நட்சத்திரம் போலக் கட்டியிருந்தார். லைட் வயரிங்குக்கு அது சரி. ஆர்எஸ்-485-க்கு ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்குப் போக வேண்டும், கிளை கூடாது. கிளை ஒவ்வொன்றின் முனையிலும் அலை மோதித் திரும்பி வந்து அடுத்த பிட்டைக் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் லைனின் இரண்டு கோடியில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் வைப்பது. இங்கே ஒரு சேனலில் ஐந்து மீட்டரில் உள்ளேயே இருந்த 120 ஓம் ஸ்விட்சை, நல்லதுதானே என்று யாரோ போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு ரெசிஸ்டர் என்றால் 60 ஓம். ஐந்து என்றால் 24. பேசுகிறவன் குரல் அந்தச் சுமையில் அமுங்கிவிடும். பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும், கோடியில் இருப்பவனுக்குக் கேட்காது.

இன்னொன்று, யாரும் பேசாத நேரத்தில் லைன் எந்தப் பக்கம் நிற்பது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. 200 மில்லிவோல்ட்டுக்குள் தொங்கும் லைன், ஒரு காண்டாக்டர் அடித்தால்கூட ஒரு பைட் பிறந்துவிட்டதாக நினைக்கும். யாரும் கூப்பிடாமலே "உள்ளேன்" என்று ஒரு குரல். ஒரு கம்பியை 560 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும், இன்னொன்றை 560 ஓம் வழியாகப் பூஜ்யத்துக்கும் கட்டினால் நடுவிலுள்ள 60 ஓமில் கால் வோல்ட் நிற்கும். 200-ஐத் தாண்டியாயிற்று, பேய்க்குரல் அடங்கும். இதை லைனில் ஒரே ஓர் இடத்தில் செய்தால் போதும். இரண்டு ரெசிஸ்டரின் விலை இரண்டு ரூபாய் இருக்கும்.

எர்த் கதை எடைமேடையிலிருந்தே என்னைத் தொடர்கிறது. இரண்டு கம்பி வித்தியாசத்தைத்தான் பார்க்கும் என்றாலும் தரையிலிருந்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் சிப்பு தாங்கும். மில் ஷெட்டின் இந்தக் கோடிப் பேனலுக்கும் அந்தக் கோடிப் பேனலுக்கும் மல்டிமீட்டர் வைத்தபோது டிரைவ்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் 9 வோல்ட். ஷீல்டை இரண்டு பக்கமும் எர்த்தில் கட்டியிருந்ததால் அதில் கரண்ட் ஓடி, கையை வைத்தால் சூடு. ஒரு பக்கம் அவிழ்த்தோம். ஒவ்வொரு சேனலுக்கும் ஐசோலேஷன் உள்ள கன்வெர்ட்டர் போட்டோம். ஜோடிக் கம்பியோடு காமன் என்று மூன்றாவது கம்பியும் கூடவே போனது. இரண்டு கம்பி போதும் என்று விளம்பரம் எழுதியவர் மில்லுக்குள் வந்ததில்லை என்பது என் கட்சி. ஏ, பி என்ற பெயர்களும் அப்படித்தான். ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனியின் பி. பதில் வராவிட்டால் முதலில் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு சேனலை ஆறாக்கினேன். ப்ளோ ரூமும் கார்டிங்கும் ஒன்று, ரிங் ஃபிரேமுக்கு மூன்று, கோன் வைண்டிங் ஒன்று, கம்ப்ரஸரும் ஹியூமிடிஃபிகேஷனும் ஒன்று. 32 பேரைக் கட்டலாம் என்பது சிப்பின் பலத்தைச் சொல்கிறது. ஒருவன் லைனை ஷார்ட் செய்தால் எத்தனை பேர் வாய் அடைபடும் என்பதை அது சொல்வதில்லை. நேரக் கணக்கும் உண்டு. 9600 வேகத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு மில்லி செகண்டுக்குச் சற்றுக் கூடுதல். கேள்வி 8 பைட், பதில் 25 பைட், நடுவே மூன்றரை எழுத்து மௌனம், மீட்டர் யோசிக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பத்தில் ஒரு செகண்ட். 22 பேரை இரண்டேகால் செகண்டில் கேட்டு முடிக்கலாம். ஒருவன் செத்துக் கிடந்தால்? ஒரு செகண்ட் காத்திரு, மூன்று முறை கேள் என்று எழுதியிருந்தேன். செத்தவனுக்கு மூன்று செகண்ட். உயிரோடு இருக்கும் 21 பேருக்கும் சேர்த்தே இரண்டு. இப்போது பதில் தராதவனைத் தனிப் பட்டியலில் தள்ளி, நிமிஷத்துக்கு ஒரு முறை மட்டும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

அவசரப்பட்டும் கெட்டிருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் காத்திருக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு செகண்டாகச் சுருக்கினேன். ஒரு நாள் ஒரு மோட்டார் 415 ஆம்பியர் இழுப்பதாகக் காட்டியது. அது இழுக்கக்கூடியது ஐம்பது அறுபதுதான். 415 வோல்டேஜ். பழைய மீட்டர், மெதுவாக யோசிக்கும். வோல்டேஜ் கேட்டேன், பதில் வரவில்லை என்று விட்டுவிட்டுக் கரண்ட் கேட்டேன். அப்போது வந்து சேர்ந்தது வோல்டேஜ். மோட்பஸ் பதிலில் யார் பேசுகிறேன் என்று இருக்கும், எந்தக் கேள்விக்குப் பதில் என்று இருக்காது. எண் சரி, சிஆர்சி சரி, நீளமும் சரி. வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு பதில் தப்பினால் லைன் முழுக்க அடங்கும் வரை சும்மா இருந்து, வந்து கிடக்கும் பைட்டுகளைக் கொட்டிவிட்டுத்தான் அடுத்த கேள்வி.

என்னிடம் இருக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நோட்டு. இப்போது கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறது, ஆனாலும் நோட்டு என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நாளில் எத்தனை முறை பதில் இல்லை, எத்தனை முறை சிஆர்சி தப்பு என்று இரண்டு கணக்கு, தனித்தனியாக. ஒரே மீட்டர் மட்டும் பதில் தரவில்லையா, அதன் திருகைப் பார். அதிலிருந்து கடைசி வரை எல்லோரும் ஊமையா, அந்த இடத்தில் கேபிள். சிஆர்சி தப்பு கூடுகிறதா, எந்த மணிக்கு என்று பார். டாஃப், அதாவது நிறைந்த நூலைக் கழற்றுவது முடிந்து ஃபிரேம்கள் கிளம்பும் நேரத்தோடு ஒத்துப்போனால் கேபிள் டிரைவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எல்லாச் சேனலும் ஒரே நொடியில் போனால் வயரைத் தொடாதே, கம்ப்யூட்டரைப் பார். யாரோ யுஎஸ்பியைக் கழற்றி வேறு ஓட்டையில் செருகியிருப்பார்கள், காம் 3 காம் 7 ஆகியிருக்கும். மூன்று முறை கேட்பதைப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் மூன்றாவது முறை பதில் வந்தாலும் முதல் இரண்டு தவறையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜருக்குக் கோடுகள் கடைசி வரை பிடிக்கவில்லை. ஃபோர்மேன் அண்ணன் அதற்கு லீவு என்று பேர் வைத்தார். ஷிஃப்ட் மாறும்போது "இன்னைக்கி யாரு லீவு?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். புதிதாக வந்த பையனும் அப்படியேதான் கேட்கிறான்.

இன்று காலை அவனிடமிருந்து போன். 44-இல் 43 பேர் ஆஜர், 19-ஆம் எண் லீவு. நேற்று அதன் கணக்கில் பதில் இல்லாதது 212 முறை, சிஆர்சி தப்பு ஒன்றுகூட இல்லை. திருகு இளகியிருக்கிறது. மத்தியானம் ஒரு எட்டு போய்வர வேண்டும்.